ஆர்க்கிட் செடிக்கு எப்போது, எவ்வளவு உரம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில், குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு சிறு விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் ரப்பர், கொஞ்சம் வாழை. வீட்டை ஒட்டி நிழல்வலைக்கு அடியில் அறுபது தொட்டிகளில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட். ரப்பரும் வாழையும் அவர் பொறுப்பு. ஆர்க்கிட் அவருடைய மனைவியின் பொறுப்பு. மகளிர் குழுக் கடனில் வாங்கிய செடிகள். பூத்தண்டுகளைப் பூக்கடைக்குக் கொடுத்தால் மாதத் தவணையைக் கட்டிவிடலாம் என்பது கணக்கு.

ஒரு வருடம் ஆகியும் பூ சரியாக வரவில்லை. சித்திரையில் ரப்பருக்கு உரம் வைத்தபோது மீதி இருந்த காம்ப்ளக்ஸ் உரத்தில் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் போட்டிருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் இலை நுனிகள் கருகின. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் போனபோது நாற்பத்தொரு தொட்டிகளில் உயிர் இல்லை. ஒரு செடியை எடுத்து உதறினேன். வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டிய வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று நரம்பு மட்டும் கையில் வந்தது.

“ஒரு ஸ்பூன்தானே சார் போட்டோம். ரப்பருக்குக் கிலோக் கணக்கில் வைக்கிறோமே” என்றார் அவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. கடனில் இன்னும் பத்துத் தவணை பாக்கி இருந்தது.

அந்த ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தில் அரையடி ஆழத்து மண் மட்டும் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். அதில் நாம் இடும் ஒரு மூட்டை உரம் கரைந்து பரவி, களிமண்ணும் மக்கும் பிடித்து வைத்துக்கொள்ள, பயிருக்குச் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. ஆர்க்கிட் தொட்டியில் மண்ணே கிடையாது. கரித்துண்டு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, இவையெல்லாம் சேர்ந்து ஒரு கிலோ இருக்கலாம். அதில் 5 கிராம் உரம் என்பது ஏக்கருக்குச் சுமார் 90 மூட்டை போட்டதற்குச் சமம். நெல்லுக்கோ வாழைக்கோ அப்படிப் போட யாருக்காவது மனம் வருமா?

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். அந்தத் தொட்டி ஒரு நேரத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர் கால் லிட்டருக்கு மேல் போகாது. அதில் 5 கிராம் கரைந்தால் லிட்டருக்கு 20 கிராம் ஆகிறது. ஆர்க்கிட் வேர் தாங்கக் கூடியது லிட்டருக்கு அரை கிராம் முதல் 1 கிராம் வரை. உப்பு மிகுந்த தண்ணீரில் வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக, வேரில் உள்ள தண்ணீர் வெளியே இழுபடுகிறது. ஊறுகாய்க்கு உப்பிலிட்ட மாங்காய் சுருங்குவது இதனால்தான். அந்தச் செடிகளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

மரத்தில் இருக்கும்போது யார் உரமிட்டார்கள்?

நம் சமவெளிக் கிராமங்களிலேயே மாமரம், புளியமரக் கிளைகளில் வாண்டா இனத்து ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டு வளர்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டிவிடுவதும் உண்டு. அது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. மழை பெய்யும்போது இலைகளிலும் பட்டையிலும் படிந்த தூசி, பறவை எச்சம், மக்கிய சருகு ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வழியும் நீர்தான் அதற்கு உணவு. அந்த நீரில் சத்து மிகக் குறைவு. ஆனால் மழைக் காலம் முழுவதும் அடிக்கடி வரும். கோடையில் ஒன்றுமே வராது.

இந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி வேர் அமைந்திருக்கிறது. மெல்லிய வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு வெண்ணிற உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன இந்த உறை, வழிந்தோடும் நீரைச் சில நிமிடங்களில் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, பிறகு மெதுவாக உள்வேருக்குக் கொடுக்கிறது. நனைந்தவுடன் வெள்ளை மாறி உள்ளிருக்கும் பச்சை தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல தண்ணீரை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறதோ, உப்புத் தண்ணீரையும் அதே வேகத்தில் பிடிக்கும். வேண்டாததை ஒதுக்கும் வேலை அந்த உறைக்குத் தெரியாது.

ஆகவே அடியுரம், மேலுரம் என்று நாம் பழகிய முறை இங்கு பொருந்தாது. மொத்தமாக இட்டுவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்கவும் முடியாது, ஏனெனில் பிடித்து வைக்க மண் இல்லை. மெல்லிய கரைசலாக, செடி வளரும் காலத்தில் மட்டும், அடிக்கடி கொடுக்க வேண்டும்.

வேர் நுனியைப் பாருங்கள்

எப்போது கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் காலண்டரைக் காட்டுவதில்லை. வேர் நுனியைப் பார்க்கச் சொல்கிறேன். தொட்டியின் ஓரத்திலோ கூடையின் இடுக்கிலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களில், நுனி அரை அங்குல அளவுக்குப் பளபளப்பான பச்சையாகவோ, சில இரகங்களில் செந்நிறமாகவோ இருந்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது, உணவு கேட்கிறது என்று பொருள். வெள்ளை உறை நுனி வரை வந்து மூடிவிட்டிருந்தால் செடி ஓய்வில் இருக்கிறது. அப்போது கொடுக்கும் உரம் செடிக்குப் போகாது; தொட்டியில் உப்பாகத் தங்கும். நுனி கறுத்திருந்தால் ஏற்கெனவே உரம் மிகுதி, அல்லது தண்ணீர் சரியில்லை, அல்லது நத்தை கடித்திருக்கிறது. நத்தை கடித்திருந்தால் வெட்டுக் காயம் போலத் தெரியும்.

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். காலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பத்துத் தொட்டியைப் பார்த்தால் போதும். நனைந்த பிறகு பார்த்தால் வேர் முழுவதுமே பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும்.

நம் நாட்டுச் சமவெளியிலும் மேற்கு மாவட்டங்களிலும் பூக்கடைக்கு வளர்க்கும் டென்ட்ரோபியம் கலப்பு இரகங்கள் பங்குனி, சித்திரை தொடங்கி ஐப்பசி வரை நன்றாக வளரும். மார்கழி, தையில் மந்தம் தட்டும். முழு ஓய்வு என்று சொல்ல முடியாது. வாண்டாவும் ஏறத்தாழ அப்படித்தான்.

அளவும் முறையும்

கடைகளில் நீரில் கரையும் உரமாக 19:19:19 கிடைக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது. சொட்டுநீர்ப் பாசனத்துக்காக வாங்கும் அதே உரம்தான். ஆர்க்கிட்டுக்கு என்று வண்ணப்பெட்டியில் வரும் சிறு பொட்டலங்களைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி போதும். அது சுமார் 5 கிராம், அதாவது லிட்டருக்கு அரை கிராம். குவித்து எடுக்கக் கூடாது. இந்தக் கரைசலை வாரம் ஒருமுறை, வேர்கள் முழுவதும் நனைந்து தொட்டியின் அடியில் ஒழுகும் வரை ஊற்றலாம். வளர்ச்சி வேகமாக இருக்கும் ஆனி முதல் புரட்டாசி வரை, நல்ல வெளிச்சத்தில் வளரும் பெரிய செடிகளுக்கு வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் வரை போகலாம். கூடையில் வேர் தொங்க வளரும் வாண்டாவுக்கும் 1 கிராம் தாங்கும். அதைச் சுற்றிப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் வாரம் தவறாமல் கொடுப்பதும் அவசியம். சோதனைக்கூடத்தில் திசுவளர்ப்பு முறையில் உருவாகி வந்த இளஞ்செடிகளுக்குக் கால் கிராமுக்கு மேல் வேண்டாம்.

இலையில் தெளித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆர்க்கிட்டின் இலை தடித்து மெழுகு பூசியது போல் இருப்பது. சத்தின் பெரும்பகுதி வேர் வழியாகவே போகிறது. தெளிப்பான் கொண்டு தெளிப்பவர்கள் இலையோடு நிறுத்தாமல் வேர்களும் நனையும்படி தெளிக்க வேண்டும். பூ விரிந்த செடியில் பூவின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும். புள்ளி விழுந்த பூவைக் கடைக்காரர் எடுக்கமாட்டார்.

காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மாலையில் ஊற்றினால் இலைக்குருத்தில் தேங்கும் நீர் இரவு முழுவதும் நின்று குருத்தழுகல் வரும். கத்திரி வெயில் நாட்களில் உரத்தை அரை அளவாகக் குறைத்து, முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து அரைமணி நேரம் கழித்து உரக் கரைசல் கொடுங்கள். மற்ற நாட்களில் உரத்துக்கு முன் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதில் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. காய்ந்த வேர் நன்றாக உறிஞ்சும் என்பது ஒரு கட்சி. சுட்டுவிடும் என்பது மற்றொன்று. அரை கிராம் கரைசலில் எப்படிச் செய்தாலும் கெடுதல் இல்லை. 1 கிராம் கொடுப்பவர்கள் முன்னால் நனைத்துவிடுவது பத்திரம்.

அடைமழைக் காலத்தில் விட்டுவிட்டுப் பெய்தால் மழை ஓய்ந்த நாளில் கொடுக்கலாம். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பெய்து தொட்டி உலரவே இல்லை என்றால் அந்த வாரம் உரம் வேண்டாம். அதை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுப்பது கூடவே கூடாது. தவறிப்போன வாரத்துக்குச் செடி கணக்கு வைத்திருப்பதில்லை.

தண்ணீர் செய்யும் கோளாறு

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. மழைநீர் போலவே உப்பு இல்லாத தண்ணீர். மாடிப்படிக்கு அருகில் இருபது ஆர்க்கிட் வைத்திருந்தேன், நன்றாகப் பூத்தன. பிறகு ஊருக்கு வெளியே வீடு மாறினோம். ஆழ்குழாய்க் கிணறு. நான் வைத்தது அதே உரம், அதே அளவு, அதே வாரம் ஒருமுறை. ஆறு மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளை உப்பு படிந்தது, புது வேர்கள் ஒரு அங்குலம் வந்து நுனி கருகி நின்றன. உரத்தில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாத குறை. கடைசியில் தண்ணீரைச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊராருக்குத் தண்ணீர்ப் பரிசோதனை செய்யுங்கள் என்று இருபது வருடம் சொல்லி வந்தவன், சொந்த வீட்டில் செய்யவில்லை.

மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துக் கொடுக்கிறார்கள். கட்டணம் அதிகமில்லை. மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் கொடுப்பார்கள். அது 0.5க்குள் இருந்தால் ஆர்க்கிட்டுக்கு நல்ல தண்ணீர். 1ஐத் தாண்டினால் தென்னைக்கும் பருத்திக்கும் பாய்ச்சலாம், ஆர்க்கிட்டுக்கு ஆகாது. தண்ணீரிலேயே உப்பு இருக்கும்போது அதில் உரத்தையும் கரைத்தால் இரண்டும் கூடித்தான் வேரைச் சேரும்.

மழைநீர் இதற்கு மாற்று. பத்துச் சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி ஆயிரம் லிட்டர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடித்து, கொசு புகாமல் மூடி வைக்க வேண்டும். தினமும் ஊற்றப் போதாவிட்டாலும் உரம் கலக்கும் நாளுக்கும், தொட்டி கழுவும் நாளுக்கும் மட்டுமாவது மழைநீரைப் பயன்படுத்தினால் பெரும் வித்தியாசம் தெரியும்.

தொட்டி கழுவுதல் என்பது இதுதான். மாதம் ஒருமுறை, உரம் கொடுக்க வேண்டிய வாரத்தில் உரத்துக்குப் பதிலாக வெறும் நல்ல தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றி ஒழுகவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஊற்ற வேண்டும். முதல் தடவை ஊற்றும் நீர் உப்பைக் கரைக்கும். இரண்டாவது தடவை அதை வெளியேற்றும். உப்புத் தண்ணீர்ப் பகுதியில் உள்ளவர்கள் மாதம் இருமுறை செய்யலாம். தேங்காய் மட்டைத் துண்டுகளிலும் இயற்கையாகவே உப்பு உண்டு. புதிதாக நிரப்புபவர்கள் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மழைநீர் அல்லது மலைச்சுனை நீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கு வேறு ஒரு குறை வரும். அந்த நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் இல்லை. 19:19:19 உரத்திலும் அவை கிடையாது. குருத்திலை நுனி கறுத்துச் சுருண்டால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மாதம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட், வேறொரு வாரத்தில் அதே அளவு மெக்னீசியம் சல்பேட் கொடுக்கலாம். கால்சியம் நைட்ரேட்டை 19:19:19 உரத்துடன் ஒரே வாளியில் கலந்தால் பால் போல் திரிந்து அடியில் படிந்துவிடும். படிந்தது செடிக்கு உதவாது.

பூக்கவில்லை என்றால் உரம் குறைவா?

பெரும்பாலும் இல்லை. குலசேகரத்து நிழல்வலைக்கு அடியில் நான் நின்றபோது நண்பகலிலும் இருட்டாக இருந்தது. வலை போட்டபோது சிறிதாக இருந்த ரப்பர் மரங்கள் கிளை விரித்து வலையின் மேல் இன்னொரு நிழலைப் போட்டிருந்தன. டென்ட்ரோபியத்துக்கு ஐம்பது சத நிழல் வலை போதும். அதற்கு மேல் மர நிழலும் சேர்ந்தால் செடி இலை மட்டும்தான் விடும். இலைகள் கரும்பச்சையாக, அகன்று, தொங்கிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெளிர்பச்சையில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால் சரியான வெளிச்சம். அந்த அறுபது செடிகளும் கேட்டது வெயிலை. கிடைத்தது காம்ப்ளக்ஸ்.

பூப்பதற்கென்று மணிச்சத்து மிகுந்த உரங்களைக் கடைகளில் சிபாரிசு செய்கிறார்கள். மணிச்சத்தைக் கூட்டினால் மட்டும் ஆர்க்கிட் பூத்துவிடாது. வெளிச்சம் இருந்து தண்டு பருத்து முற்றியிருந்தால் சாதாரண உரத்திலேயே பூக்கும். ஒன்று வேண்டுமானால் செய்யலாம். புதுத் தண்டு வளர்ந்து முடிந்து கடைசி இலை விரிந்த பிறகு, ஒரு வாரம் 19:19:19, மறு வாரம் அதே அரை கிராம் அளவில் பொட்டாசியம் நைட்ரேட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சாம்பல் சத்து கூடும். பூத்தண்டு உறுதியாக வரும்.

ஏற்காட்டில் நான் பார்த்த ஒரு காப்பி விவசாயியின் வீட்டில் நேர் எதிரான தவறு. அங்கே இருந்தது நோபிலே என்னும் மலைப்பாங்கான டென்ட்ரோபியம். வெளிச்சம் சரி, தண்ணீர் சரி, உரமும் மிதமாகவே. ஆனால் தை மாதம் வரை வாரம் தவறாமல் கொடுத்துவந்தார். பூ வர வேண்டிய கணுக்கள்தோறும் பூவுக்குப் பதில் குட்டிச்செடிகள் முளைத்திருந்தன. இந்த இனம் மழை முடிந்ததும் ஓய்வெடுத்து, குளிரில் நின்று, பிறகு பூக்கும். ஐப்பசிக்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் வளர்ச்சிக் காலம் முடியவில்லை என்று எண்ணிக் கணுவைச் செடியாக்கிவிடுகிறது. இதற்கு ஐப்பசியோடு உரத்தை அறவே நிறுத்தி, தண்ணீரையும் தண்டு சுருங்காத அளவுக்குக் குறைத்து, கணுவில் மொட்டு உருவம் தெரிந்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். அடுத்த வருடம் அப்படிச் செய்ததில் மாசியில் தண்டு முழுக்கப் பூத்தது. எனவே செடி வாங்கும்போது எந்த இனம் என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பூக்கடை டென்ட்ரோபியத்துக்கும் நோபிலேவுக்கும் பெயர் ஒன்றே ஆனாலும் பழக்கம் வேறு.

ஏற்காடு போகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்து வரலாம். காட்டு இனங்கள் மரத்திலும் தொட்டியிலும் எப்படி வேர் விடுகின்றன என்பதை நேரில் பார்த்தால், மேலே சொன்னதெல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கும். அதைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்ச் செடி பறித்து வருவது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

புண்ணாக்கும் கோமயமும்

இரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த நீரைக் கொடுக்கிறார்கள். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இது வீட்டுப் பெண்களின் பழக்கம், குறை சொல்வதற்கில்லை. நான்கைந்து நாள் புளித்த பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, வெளுத்த தேநீர் நிறம் வரும் வரை தண்ணீர் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மண்டியை ஊற்றினால் கரித்துண்டுகளின் இடைவெளி அடைபட்டுக் காற்றோட்டம் நின்றுவிடும்; பூஞ்சாணமும் நத்தையும் தேடி வரும். கோமயம் என்றால் இருபது பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு. இவற்றில் சத்தின் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். அந்த வாரம் வேறு உரம் வேண்டாம். இயற்கை உரம்தானே என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் செடியை இழந்தவர்களை நான் அறிவேன்.

உரமே கொடுக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தொட்டி மாற்றி நட்ட செடிக்குப் புது வேர் நுனி பச்சையாகத் தெரியும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம், தண்ணீர் மட்டும் தெளித்தால் போதும். வேர் அழுகிய செடிக்கும் அப்படியே. தண்டு சுருங்கி வற்றியிருப்பதைப் பார்த்துப் பலர் பசி என்று நினைத்து உரம் ஊற்றுகிறார்கள். அது பசியல்ல, தாகம். ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது தண்ணீரை எடுத்துக்கொடுக்க வேர் இல்லை. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடி இலை ஒன்று இரண்டு பழுத்து விழுவது மூப்பு. அதற்கும் மருந்து தேவையில்லை.

பூத்த ஆர்க்கிட் செடி ஒன்றை வாங்கும் பணத்தில் ஒரு மூட்டை யூரியா வாங்கிவிடலாம். அறுபது தொட்டிக்கு, தொட்டிக்குக் கால் லிட்டர் கரைசல் என்றால் வாரத்துக்குப் பதினைந்து லிட்டர், அதற்கு உரம் ஏழரை கிராம். ஒரு கிலோ பொட்டலம் இரண்டு வருடத்துக்கு மேல் வரும். அதனால் பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, உரம் என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியானால் தேக்கரண்டிக் கணக்கு தவறிவிடும். கரைத்த கரைசலை அன்றே பயன்படுத்துங்கள்.

குலசேகரத்தில் மீதியிருந்த பத்தொன்பது செடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேர்களை வெட்டி, பழைய கரியையும் மட்டையையும் கொட்டிவிட்டுப் புதிதாக நட்டோம். வீட்டின் கிழக்குப் பக்கம், ரப்பர் நிழல் எட்டாத இடத்தில் வலையை மாற்றிக் கட்டினார்கள். ஆறு வாரம் வெறும் தண்ணீர். ஆவணியில்தான் பச்சை நுனி தெரிந்தது. அந்த அம்மாவே தொலைபேசியில் சொன்னார். கால் கிராமில் தொடங்கி, ஒரு மாதம் கழித்து அரை கிராம். அந்த வருடம் பூ இல்லை. கடன் தவணை ரப்பர் பால் காசிலிருந்துதான் போயிற்று. மறு வருடம் புரட்டாசியில் பதினொரு தொட்டிகளில் பூத்தண்டு வந்தது. பழைய தண்டுகளில் முளைத்த குட்டிச்செடிகளை வேர் இரண்டு அங்குலம் வந்ததும் பிரித்துச் சிறு தொட்டிகளில் நட்டிருக்கிறார். இப்போது பெரிதும் சிறிதுமாக நாற்பதுக்கு மேல் இருக்கிறது. சிறியவற்றுக்குத் தனி வாளி, கால் கிராம்.